கறுப்பு வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

உங்கள் கேமராவில் வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் வேலை செய்யாத பிக்சல்கள் இருக்கின்றன. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே இருந்தன. இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல்களை ஒரு சின்னச் சிலிக்கான் துண்டில் உருவாக்கும்போது அத்தனையும் பழுதில்லாமல் வரும் என்று எந்தத் தொழிற்சாலையும் எதிர்பார்ப்பதில்லை. சோதித்துப் பார்த்து, பழுதானவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு, அதைக் கேமராவின் நினைவகத்தில் எழுதிவைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அதன்பின் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கேமரா அந்தப் பட்டியலைப் பார்த்து, அந்த இடங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே இரவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கறுப்பு வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டால், அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பட்டியல் பழசாகிவிட்டது. அதில் பெயரில்லாத பிக்சல் ஒன்று புதிதாகப் பழுதாகியிருக்கிறது. இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் "சென்சார் போச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். போகவில்லை. பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது, எப்போது செய்ய முடியாது என்பதில்தான் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் கறுப்பாகவே இருப்பது டெட் பிக்சல். வெளிச்சமே இல்லாவிட்டாலும் எப்போதும் முழுதாக எரிந்துகொண்டிருப்பது ஸ்டக் பிக்சல். சாதாரணப் படங்களில் ஒழுங்காக இருந்துவிட்டு, நீண்ட எக்ஸ்போஷரிலோ (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும்போது), சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றும்போதோ, சென்சார் சூடாகும்போதோ மட்டும் எரியத் தொடங்குவது ஹாட் பிக்சல். பயன்பாட்டில் புதிதாக முளைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகைதான். உண்மையான டெட் பிக்சலை நான் என் கேமராக்களில் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. கறுப்பாக ஒரே ஒரு பிக்சல் இருந்தால் படத்தில் அது யார் கண்ணிலும் படாது.

எரியும் பிக்சல் மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது? ஒற்றைப் பிக்சல் என்றால் ஒற்றைப் புள்ளியாகத்தானே தெரியவேண்டும், ஏன் சிலுவை மாதிரி, கூட்டல் குறி மாதிரி தெரிகிறது? காரணம் பேயர் வடிகட்டி. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது: பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் அண்டையில் இருப்பவற்றிடமிருந்து கணக்கிட்டுத்தான் முழுப்படம் உருவாகிறது. அப்படிக் கணக்கிடும்போது பொய் சொல்லும் ஒரு பிக்சலை நம்பிச் சுற்றியிருக்கும் எல்லாப் பிக்சல்களும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்கின்றன. வெள்ளைத் துணியில் விழுந்த மைத்துளி போல நிறம் பரவிவிடுகிறது. ஜேபெக்காகச் சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் கசியும். புள்ளி சிவப்பாக இருந்தால் பழுதானது சிவப்பு வடிகட்டிக்குக் கீழே இருக்கும் பிக்சல் என்று பொருள். பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பழுதான பிக்சலை அண்டைப் பிக்சல்களால் நிரப்புவது ஏமாற்று வேலை, படத்தின் நேர்மை போய்விடுகிறது என்று சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். உங்கள் படத்தில் இருக்கும் நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே யூகம்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸ் செய்வதற்கென்று சென்சாரிலேயே பாதி மறைக்கப்பட்ட பிக்சல்களை வைத்திருக்கிறார்கள். அவற்றின் இடத்தையும் இப்படித்தான் நிரப்புகிறார்கள். இதில் இன்னும் நூறு பிக்சல் சேர்ந்தால் என்ன?

சரி, புள்ளி தெரிகிறது. அது சென்சாரில்தான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கேமராவின் பின்பக்கத் திரையில் தெரிந்தால், படத்தைப் பெரிதாக்கி அப்படியும் இப்படியும் நகர்த்திப் பாருங்கள். படத்தோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால் அது படத்தில் இருக்கிறது. படம் நகர்ந்தும் புள்ளி அசையாமல் அதே இடத்தில் நின்றால் பழுது திரையில். கணினித் திரைக்கும் இதே சோதனைதான். திரையில் சிக்கிய பிக்சலைச் சரிசெய்வதாகச் சொல்லி, நிறங்களை வேகவேகமாக மாற்றிக் காட்டும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவை திரவப் படிகத் திரைகளுக்கானவை. கேமராவை அந்த வீடியோவுக்கு எதிரே வைத்துப் படமெடுத்தால் சென்சார் சரியாகும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறு சாதனங்கள். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

அடுத்த சந்தேகம் தூசி. சென்சாரின் முன் இருக்கும் கண்ணாடியில் ஒட்டிய தூசி, ஓரம் மங்கிய சாம்பல் நிற வட்டமாகத் தெரியும். லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 16-க்குச் சுருக்கினால் அழுத்தமாகும், எஃப் 2.8-க்குத் திறந்தால் கரைந்துபோகும். பிக்சல் பழுதுக்கு அப்பர்ச்சரைப் பற்றிக் கவலையே இல்லை. எந்த லென்ஸ் போட்டாலும், எந்த எண்ணில் எடுத்தாலும் அதே இடம், அதே கூர்மை. பழுதான பிக்சலைத் தூசி என்று நினைத்துச் சென்சாரைத் துடைக்கக் கிளம்புவதுதான் இந்த விவகாரத்திலேயே நிஜமான ஆபத்து. சும்மா இருந்த கண்ணாடியில் கீறல் விழலாம்.

பிறகு சோதனை. லென்ஸ் மூடியைப் போடுங்கள். கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரையும் மூடுங்கள், அதன் வழியாக வெளிச்சம் கசியும். ரா கோப்பாக (சென்சார் தந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேமிக்கும்படி அமைத்து, நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பை (படத்தில் பொய்யாகத் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, மேனுவலில் மூன்று விதமாகப் படமெடுங்கள். ஒன்று, ஐஎஸ்ஓ 100, நொடியில் 60-இல் ஒரு பங்கு. இதில் எரிவது ஸ்டக் பிக்சல். இரண்டாவது, அதே வேகத்தில் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி. மூன்றாவது, ஐஎஸ்ஓ 800 அளவில் 30 நொடி. இந்த மூன்றாவது படத்தைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாக வானவேடிக்கை மாதிரிதான் இருக்கும். ஆரோக்கியமான சென்சாரிலும் அப்படித்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது முதல் படத்தைப் பற்றி. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் சாதாரணப் படங்களில் தலைகாட்டக்கூடியவை அதில் தெரிபவை மட்டும்தான்.

டெட் பிக்சலைத் தேட எதிர்மாறாகச் செய்யவேண்டும். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் கொஞ்சம் பிரகாசமாக எடுத்து, முழு அளவில் வைத்துத் துழாவ வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

இரண்டு படங்களை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். செங்குத்தாக எடுத்த படத்தை மென்பொருள் தானாகத் திருப்பிக் காட்டும், அப்போது புள்ளியின் இடமும் மாறிப்போகும். லென்ஸின் வளைவைச் சரிசெய்யும் திருத்தம் ஓடியிருந்தால் ஜேபெக்கில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். "அன்றைக்கு அங்கே இருந்தது, இன்றைக்கு இங்கே இருக்கிறது, அப்படியானால் இது வேறு ஏதோ" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள்.

இவை ஏன் முளைக்கின்றன என்பது எனக்கு இந்தப் பொருளில் மிகப் பிடித்த பகுதி. எல்லாப் பிக்சல்களிலும், வெளிச்சமே படாவிட்டாலும், வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கிளம்பிச் சேர்ந்துகொண்டே இருக்கும். கருமின்னோட்டம் என்பார்கள். வெப்பநிலை சுமார் 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஏறினால் அது இரட்டிப்பாகும். சிலிக்கான் படிகத்தின் அடுக்கில் ஓர் அணு இடம் பெயர்ந்திருந்தால் அந்தப் பிக்சலில் மட்டும் இந்தக் கசிவு பல மடங்காகிவிடும். அதுதான் ஹாட் பிக்சல். குளிர்ந்த இரவில் மறைந்து, கோடை இரவில் அதே பிக்சல் எரிவது இதனால்தான்.

அணுவை இடம் பெயர்ப்பது யார்? பெரும்பாலும் அண்டக்கதிர்கள். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களாகச் சிதறுகின்றன. அவற்றில் ஏதோ ஒன்று உங்கள் சென்சாருக்குள் புகுந்து ஓர் அணுவைத் தட்டிவிட்டுப் போகிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் க்ளென் சாப்மன் குழுவினர் பல கேமராக்களில் ஆண்டுக்கணக்கில் இந்தப் பழுதுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பழுதுகள் ஒரே இடத்தில் கொத்தாக வருவதில்லை, சென்சார் முழுக்கச் சிதறி, காலப்போக்கில் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன என்று கண்டார்கள். பொருளின் தரம் மோசமென்றால் ஓரிடத்தில் தொடங்கிப் பரவியிருக்கும். சிதறி வருவது வெளியிலிருந்து வரும் அடியின் அடையாளம். ஆக, கேமராவை நீங்கள் எவ்வளவு பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தாலும் பட்டியல் வளரத்தான் செய்யும். பயன்படுத்தாமல் பூட்டிவைப்பதில் இந்த வகையில் லாபம் எதுவும் இல்லை.

விமானம் பறக்கும் உயரத்தில் இந்த நியூட்ரான்கள் கடல்மட்டத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். அடிக்கடி பறக்கும் கேமராவில் புள்ளிகள் சீக்கிரம் சேர்வதில் வியப்பில்லை. பலர் பழியை விமான நிலைய எக்ஸ்ரே இயந்திரத்தின் மேல் போடுகிறார்கள். பாவம், அது ஃபிலிமுக்குத்தான் எதிரி, டிஜிட்டல் சென்சாரை ஒன்றும் செய்வதில்லை.

விண்வெளியில் இதெல்லாம் இன்னும் தீவிரம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் கேமராக்களின் படங்களில் புள்ளிகள் சரமாரியாகச் சேரும். ஹப்பிள் தொலைநோக்கியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரிக்கும் அதிகமான குளிரில் வேலை செய்யும் அதன் சென்சாரை, மாதாமாதம் அறை வெப்பநிலைக்குச் சூடாக்கி மறுபடி குளிரவைப்பார்கள். படிக அடுக்கு ஓரளவு தன்னைச் சரிசெய்துகொண்டு, புதிதாக முளைத்த ஹாட் பிக்சல்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் கேமராவை வெயிலில் வைக்கவேண்டாம். நம் கேமரா எப்போதுமே அறை வெப்பநிலையில்தான் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆறக்கூடியவை ஏற்கெனவே ஆறிவிட்டன. மிச்சம் இருப்பவை ஆறாத வகை.

இனி பட்டியலைப் புதுப்பிக்கும் வழி. இதற்குப் பிக்சல் மேப்பிங் என்று பெயர். ஷட்டரை மூடிய நிலையில் கேமரா தானே ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதில் எரிபவற்றைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஒலிம்பஸ் கேமராக்களில் இது மெனுவிலேயே உண்டு. வருடத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது அவர்களின் கையேடு. படமெடுத்து முடித்து ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் செய்யவேண்டும் என்றும் சொல்கிறது, சூடான சென்சார் தப்புக் கணக்குக் காட்டும் என்பதால் அது நியாயமான அறிவுரைதான். பென்டாக்ஸிலும் உண்டு. பானசோனிக் லூமிக்ஸில் பிக்சல் ரிஃப்ரெஷ் என்ற பெயரில் இருக்கும். ஃபூஜிஃபிலிமில் பிற்கால மாடல்களிலும், நிக்கானில் இசட் 9, இசட் 8 போன்றவற்றிலும் பார்க்கலாம். நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர்களுக்கு மெனுவில் வழியில்லை, சேவை மையத்துக்குத்தான் போகவேண்டும்.

சோனி ஆல்ஃபா கேமராக்கள் இதை அவ்வப்போது தாமாகவே செய்துகொள்ளும். புதிய மாடல்களில் மெனுவிலும் உண்டு. மெனுவில் இல்லாத பழைய மாடல்களில் பயனர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: தேதியை அடுத்த மாதத்துக்கு நகர்த்திவிட்டு கேமராவை அணைப்பது. மாதம் மாறிவிட்டது என்று நம்பி அது வேலையைத் தொடங்கிவிடும். அப்புறம் தேதியைத் திரும்பச் சரியாக வைத்துவிட வேண்டும், மறந்தால் படங்களெல்லாம் எதிர்காலத்தில் எடுத்தவையாகிவிடும். கேனானுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. லென்ஸைக் கழற்றி அந்த இடத்தில் உடல்மூடியைப் போட்டுவிட்டு, கையால் சென்சாரைச் சுத்தம் செய்வதற்கான மெனுவை இயக்கி, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் விட்டு அணைப்பது. பலருக்குப் பலித்திருக்கிறது. எல்லா மாடலிலும் பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மேப்பிங் செய்தபின்னும் ஒன்றிரண்டு தப்பிக்கும். சில பிக்சல்கள் ஒரு படத்தில் எரிந்து அடுத்த படத்தில் அடங்கி, மின்மினி போல் இருக்கும். சோதனை நடக்கும் நேரத்தில் அது சமர்த்தாக இருந்துவிட்டால் பட்டியலில் ஏறாது. மறுபடி ஒருமுறை செய்துபாருங்கள். இன்னொன்று, மேப்பிங் இனி எடுக்கும் படங்களுக்கு மட்டும்தான் உதவும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு வேறு வழி தேடவேண்டும்.

நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்று கேமராவில் ஒரு வசதி இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. 4 நிமிடம் படமெடுத்தால், அடுத்த 4 நிமிடம் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, முதலாவதிலிருந்து கழிக்கும். ஹாட் பிக்சல்கள் அழகாக மறையும், உண்மைதான். ஆனால் அந்த 4 நிமிடமும் கேமரா உங்களுக்கு இல்லை. விடியும் நேரத்தில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது இது பெரிய விலை. நட்சத்திரத் தடங்களை அடுத்தடுத்த படங்களாக எடுத்துச் சேர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு கோட்டிலும் இடைவெளி விழும். அதனால் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும், கேமரா அதே சூட்டில் இருக்கும்போதே, மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நேர அளவில் சில கறுப்புப் படங்கள் எடுத்துக்கொண்டு, வீட்டில் கணினியில் கழித்துக்கொள்கிறேன். இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரு பிக்சல் முழுக்க நிரம்பி வழிந்துவிட்டால் அதில் படத்தின் தகவலே மிச்சம் இருக்காது. கழித்தால் வெளிச்சப் புள்ளிக்குப் பதில் கறுப்பு ஓட்டைதான் கிடைக்கும்.

வானியல் படம் எடுப்பவர்களின் முறை இன்னும் புத்திசாலித்தனமானது. ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் அளவுக்கு நகர்த்திவிடுவார்கள். நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது, சென்சாரோடு ஒட்டிய பழுது ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். பெரும்பான்மைக்கு ஒத்துவராத மதிப்பை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும்.

சாதாரணப் படங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் ரா கோப்பைத் திறக்கும்போதே ஹாட் பிக்சல்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறது, கேட்பதுகூடக் கிடையாது. பல ஆண்டுகள் லைட்ரூமில் இருந்த என் நண்பர் ஒருவர் ராதெரப்பி என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறியதும், "என்னடா இது, படம் முழுக்கப் புள்ளி? இந்த மென்பொருள் சரியில்லை" என்று தொலைபேசியில் புலம்பினார். மென்பொருள் இருப்பதை இருப்பதுபோல் காட்டியது, அவ்வளவுதான். ராதெரப்பியில் ஹாட் பிக்சலுக்கும் டெட் பிக்சலுக்கும் தனித்தனி வடிகட்டி இருக்கிறது, அதைத் தட்டிவிட்டால் போதும். டார்க்டேபிளிலும் இதற்கென்று ஒரு பகுதி உண்டு. கேப்சர் ஒன்னில் சிங்கிள் பிக்சல் என்ற ஸ்லைடர். இவற்றை அளவுக்கு மீறி ஏற்றினால் மங்கலான சின்ன நட்சத்திரங்களையும் பழுது என்று நினைத்து அழித்துவிடும். கூர்மையான லென்ஸில் ஒரு நட்சத்திரம் ஒன்றிரண்டு பிக்சலில் அடங்கிவிடும் அல்லவா, மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் புள்ளியை அக்கம்பக்கத்தைக் கொண்டு மூடும் ஹீலிங் பிரஷ்தான் கதி. டைம்லாப்ஸ் (இடைவெளிவிட்டு எடுத்த படங்களைத் தொடுத்து ஓட்டும் வீடியோ) என்றால் ஒரு படத்தில் திருத்திவிட்டு, அதே திருத்தத்தை எல்லாப் படங்களுக்கும் நகலெடுக்கலாம். இடம் மாறுவதில்லை என்பது இங்கே நமக்குச் சாதகம்.

வீடியோதான் உண்மையான தலைவலி. புகைப்படத்தில் பெரிதாக்கினால்தான் தெரியும் புள்ளி, வீடியோவில் தானாகக் கண்ணை இழுக்கும். காட்சி நகர்ந்துகொண்டிருக்க, அது மட்டும் நடுவில் அசையாமல் நிற்கும். நீண்ட நேரம் ஓடி சென்சார் சூடேறச் சூடேற எண்ணிக்கையும் கூடும். ரா புகைப்படம்போல் பின்னால் திறந்து அமைதியாகச் சரிசெய்யவும் வழியில்லை, சுருக்கப்பட்ட வீடியோவில் புள்ளி ஏற்கெனவே சுற்றுவட்டாரத்தில் கலந்துவிட்டிருக்கும். அதனால்தான் சினிமா கேமராக்களில் படப்பிடிப்புக்கு முன்பே இதை முடித்துக்கொள்கிறார்கள். ரெட் கேமராவில் பிளாக் ஷேடிங், கேனான் சினிமா கேமராக்களில் ஆட்டோ பிளாக் பேலன்ஸ், சோனியின் தொழில்முறை கேமராக்களில் ஏபிஆர். பெயர்தான் வேறு. கேமராவை வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைப் போட்டு, பட்டியலைப் புதுப்பிப்பது. தப்பிவிட்டதென்றால் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில் டெட் பிக்சல் ஃபிக்ஸர் என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது, புள்ளியைச் சுட்டிக்காட்டினால் மூடிவிடும். முகத்தின் மேல் விழுந்திருந்தால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பட்டியலால் தீராத பழுதுகளும் உண்டு. முழு நீளத்துக்கு ஒரு கோடு, அல்லது கொத்தாக ஒரு திட்டு. கோடு என்றால் ஒரு வரிசைப் பிக்சல்களின் மின்சுற்றே போய்விட்டது என்று பொருள், லேசர் பட்டால் இப்படி ஆகலாம். மேடை நிகழ்ச்சிகளில் ஓடும் லேசர் ஒரு கணம் நேராக லென்ஸுக்குள் புகுந்தால் போதும். தானாக ஓடும் கார்களில் லேசரால் தூரத்தை அளக்கும் லைடார் கருவியைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்துச் சென்சாரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. இதற்கு மேப்பிங் செய்து பயனில்லை, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பழைய கேமராவில் அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியிருக்கிறது என்பதை) மட்டும் விசாரிக்கிறார்கள். விற்பவரிடம் மூடி போட்டு இரண்டு ரா கோப்புகள் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: நொடியில் 60-இல் ஒரு பங்கில் ஒன்று, 30 நொடியில் ஒன்று. முதலாவதில் கோடோ திட்டோ தெரிந்தால் அந்தக் கேமரா வேண்டாம். தனித்தனியாகச் சில புள்ளிகள் என்றால், மேப்பிங் செய்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதில் எத்தனை புள்ளி இருந்தாலும் விலை பேசுவதற்கு அதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.